கை ஊன்றாமல் எழுவது

முதுமையில் உடல் தளர்வது இயற்கை. அந்தத் தளர்ச்சியில் வயதின் பங்கு எவ்வளவு, வருடக்கணக்கில் உடலை அசைக்காமல் வைத்திருந்ததன் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பவர்கள் குறைவு. 'வயசாயிடுச்சு, இனிமே அதெல்லாம் முடியாது' என்று சொல்லும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. மருத்துவ ஆய்வாளர்கள் இந்த இரண்டையும் தனித்தனியே அளந்து பார்த்திருக்கிறார்கள். வயதின் தலையில் நாம் ஏற்றும் பழியில் கணிசமான பகுதி உண்மையில் அசையாமையைச் சேர்ந்தது என்பதுதான் அவர்கள் கண்டது. அசையாததால் போனதில் பெரும்பகுதியைத் திரும்ப அசைந்து மீட்டுவிடலாம். அதற்கு 50 வயதும் தாமதமில்லை, 90 வயதும் தாமதமில்லை.

1966இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஒரு பரிசோதனை நடந்தது. 20 வயதுள்ள, நோய்நொடி இல்லாத 5 இளைஞர்களை 3 வாரம் கட்டிலை விட்டு இறங்காமல் படுக்க வைத்தார்கள். எழுந்தபோது, கடும் உழைப்பின்போது அவர்களுடைய உடல் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் திறன் கால்பங்குக்கு மேல் குறைந்திருந்தது. அதே 5 பேரை 30 ஆண்டுகள் கழித்து, அவர்களுக்கு 50 வயதானபோது மறுபடியும் அழைத்துச் சோதித்தார்கள். எடை ஏறியிருந்தது, தொப்பை விழுந்திருந்தது. ஆனாலும் 30 வருட வயது அவர்களிடமிருந்து பறித்தது, 20 வயதில் 3 வாரப் படுக்கை பறித்ததைவிடக் குறைவாகவே இருந்தது. பிறகு 6 மாதம் நடை, மெது ஓட்டம், சைக்கிள் என்று படிப்படியாகப் பயிற்சி கொடுத்தார்கள். முடிவில் அவர்களுடைய ஆக்சிஜன் திறன் 20 வயதில், படுக்கைக்கு முன்பு, இருந்த அளவை எட்டியது. இதயம் இளமைக்குத் திரும்பிவிடவில்லை. அது அனுப்பும் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும் வேலையைத் தசைகள் நன்றாகக் கற்றுக்கொண்டதால் வந்த முன்னேற்றம் அது.

இதயத்தைப் பொறுத்தவரை ஓர் எல்லை இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். அதே டல்லஸ் நகரில் 2018இல் வெளியான ஆய்வில், 45 முதல் 64 வயது வரையிலான, உடற்பயிற்சியே இல்லாதிருந்தவர்கள் 2 ஆண்டுகள் வாரத்துக்கு 4, 5 நாள் பயிற்சி செய்தார்கள். அவர்களுடைய இதயத் தசையின் விறைப்பு சுமார் 25 சதவீதம் குறைந்தது. 65ஐத் தாண்டித் தொடங்கியவர்களிடம் முன்பு நடந்த ஓராண்டு ஆய்வில் அப்படி விறைப்பு குறையவில்லை. எனவே இதயத்தை நெகிழ்வாக்க நினைப்பவர்கள் 50களிலேயே தொடங்குவது நல்லது. தசைக்கு இந்த எல்லை இல்லை.

முதுமையின் அன்றாடத் துன்பங்களில் பலவற்றின் வேர் தசையில்தான் இருக்கிறது. 30 வயதுக்குப் பிறகு 10 ஆண்டுகளுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது. 60க்கு மேல் இந்த வேகம் கூடுகிறது. வயதோடு வரும் இந்தத் தசைக் கரைவுக்கு 1989இல்தான் 'சார்கோபீனியா' என்று ஒரு பெயரே வைத்தார்கள். சதை வறுமை என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். தசை இழைகளில் இரண்டு வகை உண்டு: நெடுநேரம் சளைக்காமல் உழைப்பவை, சட்டென்று விசையோடு இயங்குபவை. முதுமையில் முதலில் சுருங்குவது இரண்டாவது வகை. படியில் கால் தடுக்கும்போது உடனே மறுகாலை ஊன்றி உடலைத் தாங்குவது இந்த இழைகளின் வேலை. ஓடுகிற பேருந்தைப் பிடிக்க எட்டு எடுத்து வைப்பதும், தாழ்வான சோபாவிலிருந்து எழுவதும் இவற்றால்தான். ஒருவர் நாற்காலியின் கைப்பிடியை அழுத்திக்கொண்டு, 'அப்பாடா' என்று முனகியபடி எழுகிறார் என்றால், அவருடைய தொடையின் முன்பக்கத் தசை தன் கையிருப்பில் பெரும்பகுதியைச் செலவழித்துவிட்டது என்று பொருள். இது ஒரே நாளில் நேர்வதில்லை என்பதால் பலரும் கவனிப்பதே இல்லை.

அந்தக் கையிருப்பு எவ்வளவு காலியானாலும் மறுபடி நிரப்பலாம் என்பதைக் காட்டியது பாஸ்டன் நகரத்து முதியோர் மருத்துவமனை ஒன்றில் நடந்த ஆய்வு. 1990இல் மரியா ஃபியடரோன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் அதை வெளியிட்டார்கள். பங்கேற்றவர்கள் 10 பேர். வயது 86 முதல் 96 வரை. பலருக்கு மூட்டுவலி, இதய நோய், பழைய எலும்பு முறிவுகள். இவர்களுக்குக் கொடுத்தது லேசான கையசைப்புப் பயிற்சி அல்ல. உட்கார்ந்த நிலையில் முழங்காலை நீட்டி எடை தூக்கும் பயிற்சி. ஒருவரால் ஒரே ஒரு முறை தூக்க முடிகிற உச்ச எடையில் 80 சதவீதத்தை வாரத்துக்கு 3 நாள் தூக்கினார்கள். 8 வாரத்தில் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. ஏறக்குறைய மூன்று மடங்கானது. தொடைத் தசையின் பருமன் 9 சதவீதம் ஏறியது. கைத்தடியோடு நடந்த 2 பேர் தடியை விட்டார்கள். பயிற்சியை நிறுத்தி 4 வாரம் ஆனதும், கூடிய வலிமையில் ஒரு பகுதி கரையத் தொடங்கியது என்பதும் அந்த ஆய்வில் பதிவாகியிருக்கிறது.

தசை 9 சதவீதம்தான் வளர்ந்தது, வலிமை எப்படி மூன்று மடங்கானது என்ற கேள்வி எழும். தசைக்கு உத்தரவு கொடுப்பது நரம்பு. நெடுநாள் அசையாத காலில் தசை இழைகளில் பலவற்றுக்கு உத்தரவு சரியாகப் போவதில்லை. பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் நரம்புகள் தூங்கிக்கிடந்த இழைகளை ஒவ்வொன்றாக எழுப்புகின்றன. கண்ணாடியில் தெரியும் மாற்றம் பின்னால்தான் வரும். அதனால்தான் உடற்பயிற்சிக்குத் திரும்பிய பெரியவர்கள் மூன்றாவது, நான்காவது வாரத்திலேயே 'மாடிப்படி ஏறுவது சுலபமாகிவிட்டது' என்கிறார்கள்.

அந்தக் குழுவே 1994இல் 100 பேரை வைத்து இன்னொரு ஆய்வை வெளியிட்டது. சராசரி வயது 87. சிலருக்கு எடைப் பயிற்சி, சிலருக்குச் சத்துப் பானம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. பயிற்சி செய்தவர்களின் வலிமை இரு மடங்குக்கு மேல் ஆனது, நடையின் வேகமும் படியேறும் திறனும் கூடின. பயிற்சி இல்லாமல் சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்குத் தசை வலிமையில் பலன் ஒன்றும் கிடைக்கவில்லை. பிள்ளைகள் ஊரிலிருந்து வரும்போதெல்லாம் டின் டின்னாகச் சத்து மாவு வாங்கிவந்து அடுக்கும் வீடுகளில் இந்த ஒரு முடிவை எழுதி ஒட்டி வைக்கலாம்.

இளமையில் ஓடியாடியவர்களுக்கு ஒரு சாதகம் இருக்கக்கூடும். தசை இழை வளரும்போது அதற்குள் புதிய உட்கருக்கள் சேர்கின்றன. தசை பிறகு சுருங்கினாலும் அந்த உட்கருக்கள் தங்கிவிடுவதை நார்வே ஆய்வாளர்கள் எலிகளில் கண்டார்கள். மனிதத் தசையிலும் அப்படியேதானா என்ற விவாதம் தொடர்ந்தாலும், முன்பு பயிற்சி பெற்ற தசை மீண்டும் விரைவாகத் தேறுவதை விளையாட்டுப் பயிற்றுநர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். பள்ளியில் கபடி ஆடியவர், கல்லூரியில் வாலிபால் ஆடியவர், வயலில் இறங்கி உழைத்தவர் எல்லாரும் 60 வயதில் வெறும் கையோடு திரும்பி வருவதில்லை.

முன்பு எதுவுமே செய்யாதவர்களும் கவலைப்பட வேண்டியதில்லை. அமெரிக்காவில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியான ஆய்வு ஒன்றில், இளமையில் சும்மா இருந்துவிட்டு 40 வயதுக்கு மேல் உடலுழைப்பைக் கூட்டிக்கொண்டவர்களுக்கு, எப்போதும் சும்மாவே இருந்தவர்களைவிட இறப்பு அபாயம் 32 முதல் 35 சதவீதம் குறைவாக இருந்தது. வாழ்நாள் முழுவதும் பயிற்சியை விடாதவர்களுக்குக் கிடைத்த நன்மையும் கிட்டத்தட்ட இதே அளவுதான்.

விட்டுவிட்டுத் திரும்பியவர்களுக்கு நல்ல எடுத்துக்காட்டு பிரான்சின் ராபர்ட் மார்ஷான். 1911இல் பிறந்த இவர் இளமையில் சைக்கிள் பந்தயங்களில் ஓட்டியவர். பிழைப்புக்காகப் பல தொழில்களுக்குப் போய், சைக்கிளை மறந்து, 67 வயதில்தான் மறுபடி ஏறினார். 100 வயதில் ஒரு மணி நேரத்தில் 24 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓட்டினார். 2 ஆண்டுகள் கழித்து, 102 வயதில், அதே ஒரு மணி நேரத்தில் 26.927 கிலோமீட்டர். இடைப்பட்ட காலத்தில் அவரைச் சோதித்த ஆய்வாளர்கள் அவருடைய ஆக்சிஜன் திறன் குறையாமல், 13 சதவீதம் கூடியிருப்பதைக் கண்டார்கள். பயிற்சியில் அவர் ஓட்டிய தூரத்தில் 80 சதவீதம் அலட்டிக்கொள்ளாத வேகத்தில், 20 சதவீதம் மட்டும் மூச்சு வாங்கும் வேகத்தில். நம் நாட்டில் சண்டீகரைச் சேர்ந்த மன் கௌர் 93 வயதில்தான் ஓட்டப் பயிற்சி தொடங்கினார். 2017இல் 101 வயதில் நியூசிலாந்தில் 100 மீட்டரை 74 விநாடிகளில் ஓடி முடித்தார். எல்லாராலும் இப்படி ஆக முடியாது, ஆகவும் வேண்டியதில்லை. உடல் எந்த வயதில் கதவை மூடுகிறது என்று நாம் வைத்திருக்கும் கணக்கு தவறு என்பதற்கு இவர்கள் சாட்சி.

உடற்பயிற்சி என்ற ஒன்றைத் தனியாகச் செய்யவேண்டிய தேவையே இரண்டு தலைமுறைக்கு முன்பு தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலும் இல்லை. கிணற்றில் நீர் இறைப்பது தோளுக்கும் முதுகுக்கும், ஆட்டுக்கல்லும் அம்மியும் கைகளுக்கும், குனிந்து வாசல் பெருக்கிக் கோலமிடுவது இடுப்புக்கும் தொடைக்கும் வேலை கொடுத்தன. தரையில் சம்மணமிட்டு உண்டு, பாயில் படுத்து எழுந்தவர் ஒரு நாளைக்கு எத்தனையோ முறை தன் முழு எடையையும் தரையிலிருந்து தூக்கியிருக்கிறார். மிக்ஸி, மோட்டார், சாப்பாட்டு மேசை, கட்டில், மேற்கத்திய பாணிக் கழிப்பறை ஆகியவை அந்தப் பாரத்தை இறக்கிவைத்தன. பெண்களின் முதுகை ஒடித்த வேலை அது. போனது நல்லதே. ஆனால் போன உழைப்பின் இடத்தில் எதுவும் வரவில்லை. உட்கார்ந்தே செய்யும் வேலையின் கேட்டை முதலில் எண்களில் காட்டியவர் லண்டன் மருத்துவர் ஜெர்ரி மோரிஸ். 1953இல் அவர் வெளியிட்ட ஆய்வில், மாடிப் பேருந்துகளில் நாள் முழுதும் உட்கார்ந்து ஓட்டிய ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது.

மூட்டு தேய்ந்துவிட்டது, நடந்தால் இன்னும் தேயும் என்ற பயம் நம் பெண்களில் பலரை 50 வயதிலேயே நாற்காலியில் உட்கார்த்திவிடுகிறது. மூட்டு இயந்திர உதிரிப்பாகம் அல்ல. அதிலுள்ள குருத்தெலும்புக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. அசையும்போது அழுந்தியும் விரிந்தும்தான் அது ஊட்டம் பெறுகிறது. முழங்கால் தேய்மானத்துக்கு இன்று உலகெங்கும் மருத்துவர்கள் முதலில் பரிந்துரைப்பது தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் எடைக் குறைப்பும்தான். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடி வைக்கும்போதும் முழங்காலில் விழும் சுமை சுமார் 4 கிலோ குறைகிறது. பயிற்சியின்போது லேசான வலி இருந்து, மறுநாளைக்குள் பழைய நிலைக்கு வந்தால் தொடரலாம். மூட்டு வீங்கினாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ குறைக்க வேண்டும்.

திரும்பத் தொடங்குமுன் சிலர் மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும். இதய நோய் உள்ளவர்கள், நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலியோ வருபவர்கள், காரணமில்லாமல் மயக்கம் வந்தவர்கள், பிரஷர் கட்டுக்குள் இல்லாதவர்கள், சர்க்கரையால் கண் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். இவர்களுக்கும் பயிற்சி கூடாது என்பதில்லை. எந்தப் பயிற்சி, எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு தொடங்க வேண்டும். மற்றவர்கள் மெது நடையைத் தொடங்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

நடைதான் எளிய வாசல். ஒரு நாளைக்கு 10,000 அடி என்ற கணக்கு மருத்துவ ஆய்விலிருந்து வந்ததல்ல. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயர் அது. சராசரி 72 வயதுள்ள 16,000க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களைக் கவனித்த 2019 ஆய்வில், நாளைக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500ஐத் தாண்டியபின் கூடுதல் நன்மை தெரியவில்லை. வேகத்தை அறியக் கருவி வேண்டாம். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். இதயத் துடிப்பைக் கைக்கடிகாரத்தில் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் துடிப்பு இயல்பாக ஏறாது. அவர்களுக்கு மூச்சே அளவுகோல்.

எங்கே நடப்பது என்பது நம் ஊரில் சின்னக் கேள்வி அல்ல. நடைபாதை உடைந்திருக்கும், தெருநாய் துரத்தும், இருட்டில் வண்டி மோதும். மொட்டை மாடி பலருக்கு நல்ல தீர்வு. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்து வைத்திருக்கிறார்கள். பூங்காக்களில் எட்டு வடிவப் பாதையில் நடப்பது இப்போது பரவலாகிவிட்டது. அதன்மேல் ஏற்றிச் சொல்லப்படும் பெரிய பலன்களுக்கு ஆதாரம் இல்லை. ஆயினும் அடிக்கடி திரும்பி நடப்பதால் கணுக்காலுக்கும் சமநிலைக்கும் கொஞ்சம் பயிற்சி கிடைக்கும். நடப்பவர் தலைசுற்றாமல் நடந்தால் சரி.

நடை மட்டும் போதும் என்று நின்றுவிடுவதுதான் நம்மிடம் உள்ள பெரிய குறை. சமதரை நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது. தொடைத் தசையை அது அதிகம் வளர்க்காது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்போடு, குறைந்தது 2 நாள் தசை வலுப் பயிற்சியையும், 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 3 நாள் சமநிலைப் பயிற்சியையும் சேர்த்தே சொல்கிறது. இதற்கு ஜிம் கட்டாயமில்லை. சுவரோடு ஒட்டிவைத்த, கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலி போதும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, பாதங்களைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, முன்பக்கம் சாய்ந்து எழ வேண்டும். உட்காரும்போது தொப்பென்று விழாமல், மூன்று எண்ணும் நேரம் எடுத்துக்கொண்டு மெல்ல இறங்க வேண்டும். தசை வளர்வதில் இந்த இறங்குதலுக்குப் பெரிய பங்கு உண்டு. 30 விநாடியில் இப்படி எத்தனை முறை எழ முடிகிறது என்பதை மருத்துவர்கள் ஒரு சோதனையாகவே வைத்திருக்கிறார்கள். 60 முதல் 64 வயதுக்குள் ஆண் 14 முறைக்குக் குறைவாகவும், பெண் 12 முறைக்குக் குறைவாகவும் எழுந்தால் கால் வலிமை சராசரிக்குக் கீழே என்று பொருள். 70ஐத் தொட்டவர்களுக்கு அந்த எண் முறையே 12, 10.

சுவரில் கை வைத்துத் தள்ளி வருவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தோள்வரை தூக்குவது என்று மற்றவற்றையும் வீட்டுப் பொருள்களைக் கொண்டே செய்யலாம். 10 முறை செய்வது சிரமமே இல்லாமல் போனால் எடையைக் கூட்ட வேண்டும். கூட்டாமல் விட்டால் தசை அந்த இடத்திலேயே நின்றுவிடும். தூக்கும்போது மூச்சைப் பிடித்து அடக்கினால் பிரஷர் எகிறும். எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும். ஆஸ்திரேலியாவில் எலும்பு மெலிந்த, மாதவிடாய் நின்ற பெண்கள் பயிற்றுநர் மேற்பார்வையில் வாரம் இரண்டு முறை, அரைமணி நேரம் கனமான எடை தூக்கியபோது, 8 மாதத்தில் முதுகெலும்பின் அடர்த்தியே கூடியது.

சமநிலைப் பயிற்சி ஏன் தனியாக வேண்டும் என்பதை, குளியலறையில் ஒருமுறை வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த பெரியவர் உள்ள வீடு அறியும். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் உருவான திட்டம் ஒன்றில், பிசியோதெரபிஸ்டுகளும் செவிலியர்களும் முதியவர்களின் வீட்டுக்கே போய்க் கால் வலுவுக்கும் சமநிலைக்கும் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். விழுவது 35 சதவீதம் குறைந்தது. ஒரு கை மேடையில் இருக்க ஒற்றைக்காலில் நிற்பது, குதிகாலை மறுகாலின் விரல் நுனியில் ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடப்பது ஆகியவை அதன் அடிப்படை. பல் துலக்கும் 2 நிமிடத்தையே இதற்கு ஒதுக்கிவிடலாம்.

திரும்பி வருபவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றே: 25 வயது நினைவை 60 வயது உடலில் ஏற்றுவது. ஷட்டில் மட்டையை 30 வருடம் தொடாதவர், பழைய நண்பர்களோடு ஞாயிற்றுக்கிழமை கோர்ட்டில் இறங்கி முதல் ஆட்டத்திலேயே பின்பக்கப் பந்துக்குத் தாவுகிறார். குதிகாலுக்கு மேலே யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல் ஒரு அடி. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. குதிகால் தசைநாண் அறுந்திருக்கிறது. தசை சில வாரங்களில் தேறிவிடும், தசைநாண்களும் எலும்பும் தேறப் பல மாதம் எடுக்கும். தசை தயார் என்று சொல்லும் நேரத்தில் நாண் தயாராக இருப்பதில்லை. எனவே விளையாட்டுக்குத் திரும்ப நினைப்பவர் 2, 3 மாதம் நடை, நாற்காலிப் பயிற்சி, குதிகால் உயர்த்தல் ஆகியவற்றைச் செய்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போவது பாதுகாப்பு. பயிற்சிக்கு மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் தசை பரவலாக வலிப்பது இயல்பு. ஓரிடத்தில் குத்தும் வலி அப்படியல்ல.

இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) துணையோடு நடந்த ஆய்வு 2023இல் கணக்கிட்டது. உணவுக்குப்பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவில் உள்ளிழுத்துக்கொள்வது தசையே என்பதால், தசை கரைந்தவருக்குச் சர்க்கரை எளிதில் அடங்காது. சாப்பிட்டபின் 15 நிமிடம் நடப்பதன் பலன் சர்க்கரை அளக்கும் மீட்டரிலேயே தெரியும். சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்கள் நடையையும் உணவையும் மாற்றிக்கொண்டதால் நோய் வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் பையில் இரண்டு மிட்டாய் வைத்துக்கொள்வது அவசியம். படபடப்பு, திடீர் வியர்வை, கைநடுக்கம் வந்தால் உடனே நின்று வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் கூழாங்கல் பாதையில் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. முள் குத்தினாலும் தெரியாது. புண் பெரிதான பிறகுதான் தெரியும்.

தசை வளரப் புரதம் வேண்டும். முதியவர்களுக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளைக்கு ஒரு கிராம் முதல் 1.2 கிராம் வரை தேவை என்று வல்லுநர்கள் சொல்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்க வேண்டும். காலையில் இரண்டு இட்லி, இரவில் கொஞ்சம் ரசம் சாதம் என்று சுருங்கிப்போன வயதானவர் சாப்பாட்டில் அது கிடைப்பதில்லை. ஒரு கிண்ணம் சுண்டல், முட்டை, மீன், கெட்டித் தயிர், கூட்டில் கூடுதல் பருப்பு என்று மூன்று வேளையிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும்.

மனதுக்கு நேரும் நன்மையையும் அளந்திருக்கிறார்கள். ஓராண்டு, வாரம் 3 நாள், 40 நிமிடம் நடந்த முதியவர்களின் மூளையில் நினைவாற்றலோடு தொடர்புள்ள ஹிப்போகேம்பஸ் பகுதி 2 சதவீதம் பெரிதானது என்று 2011இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. மனச்சோர்வு நோய் உள்ள, 50 வயதைக் கடந்த 156 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்றில், 16 வாரப் பயிற்சி, மாத்திரைக்கு இணையான பலன் தந்தது. ஓய்வுபெற்றபின் நாள் நீண்டு கிடப்பவர்களுக்கும் துணையை இழந்தவர்களுக்கும், காலை 6 மணிக்கு ஒருவர் வாசலில் நின்று 'கிளம்பலாமா?' என்று கேட்பதே பாதி மருந்து.

காய்ச்சலோ, பயணமோ, வீட்டு விசேஷமோ வந்து பயிற்சி விட்டுப்போகும். நாலு வாரத்தில் வலிமை கரையத் தொடங்கும் என்பதால் அதிகம் தள்ளிப்போடக் கூடாது. விட்ட இடத்திலிருந்து தொடங்காமல், விட்ட அளவில் பாதியிலிருந்து தொடங்கினால் படிப்படியாகப் பழைய இடத்துக்கு வந்துவிடலாம். ஏப்ரல், மே வெயிலில் நேரத்தை விடியலுக்கு நகர்த்திக்கொண்டால் போதும்.

கடைசியாக, வீட்டில் உள்ள இளையவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அப்பா தண்ணீர் எடுக்க எழுந்தால் 'நீங்க உட்காருங்கப்பா, நான் கொண்டுவரேன்' என்பதும், அம்மா மாடியில் துணி காயப்போடக் கிளம்பினால் 'உனக்கு எதுக்கும்மா இந்த வேலை' என்பதும் பாசத்தால் வருபவை. அந்தப் பாசம் ஒரு நாளைக்குப் பத்து முறை அவர்களை மறுபடி நாற்காலியில் உட்கார்த்துகிறது. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வையுங்கள், மாடிப்படியில் விளக்குப் போடுங்கள், வழுக்காத செருப்பு வாங்கிக் கொடுங்கள். எழுந்து போய்த் தண்ணீர் எடுக்கும் வேலையை மட்டும் அவர்களிடமே விட்டுவிடுங்கள்.